அந்த வார்த்தையும் ஆயிரம் பீடியும்

சென்னைக்கு வந்த புதிதில் ஒரே ஒரு வார்த்தையால் ஒரு நண்பனை இழந்தேன்.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் அறைத் தோழன். வேலூர்க்காரன். இஸ்திரி போட்டு வைத்திருந்த என் சட்டையைக் கேட்காமல் மாட்டிக்கொண்டு கிளம்பினான். ''ஏ மூதி, சொல்லிட்டு எடுக்கக் கூடாதா?'' என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஆச்சிமார் பேரனுக்குச் சோறு ஊட்டும்போதே ''தின்னுல மூதி'' என்றுதான் ஊட்டுவார்கள். முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அவன் காதில் விழுந்தது 'மூதேவி'. அவன் வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் விளங்காமல் போ என்று சபித்த மாதிரி. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த மாதம் வேறு அறைக்கே போய்விட்டான். நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரிப் பயணம். அதற்குள் செல்லம் சாபமாகிவிட்டது!

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஊர் மாறினால் வார்த்தை மாறும், காலம் மாறினாலும் மாறும். 'நாற்றம்' என்றால் ஒரு காலத்தில் நல்ல வாசனை. இன்றைக்குப் பக்கத்து வீட்டு மாமியின் மல்லிகைப்பூவைப் பார்த்து அப்படிச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

ஆனால் ரயிலே ஏறாமல், ஒரே ஊரில், ஒரே குடும்பத்துக்குள்ளேயே ஆளுக்கு ஓர் அர்த்தம் தருகிற சில வார்த்தைகள் இருக்கின்றன. அவற்றை லேசில் சிரித்துக் கடந்துவிட முடியாது. அப்படி ஒரு வார்த்தையை 25 வயதில் கையில் எடுத்துச் சுட்டுக்கொண்டவன் நான். என்னைவிட அதிகமாகச் சுட்டது இன்னொருவருக்கு.

அந்த வார்த்தை, கற்பு.

2005 செப்டம்பர். 'இந்தியா டுடே' பத்திரிகை பெரிய நகரங்களில் மக்களின் பாலுறவுப் பழக்கங்கள் பற்றி ஒரு சர்வே வெளியிட்டது. அதையொட்டிப் பலரிடம் கருத்துக் கேட்டார்கள். அதில் ஒருவர் நடிகை குஷ்பு. கல்யாணத்தின்போது மணப்பெண் கன்னியாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து சமூகம் விடுபட வேண்டும், படித்த ஆண்கள் அதை எதிர்பார்க்க மாட்டார்கள் என்றார். கூடவே, பெண்கள் கர்ப்பத்திலிருந்தும் நோயிலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். சுகாதாரத் துறை போஸ்டரில் எழுதியிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் தமிழ்நாட்டுத் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் பேச்சில் ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது. கன்னித்தன்மை என்பது உடம்பைப் பற்றிய ஒரு தகவல். கற்பு அப்படியா? அதைச் சொன்னவுடன் கண்ணகி வருகிறாள், கையில் சிலம்பு வருகிறது, மதுரை எரிகிறது. 'கன்னியாக இல்லாவிட்டால் என்ன?' என்ற கேள்வி, 'தமிழச்சிக்குக் கற்பு இல்லை என்று சொல்லிவிட்டாள்' என்று ஆகிவிட்டது. அப்புறம் என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும். விளக்குமாறும் செருப்பும் ஏந்தி ஆர்ப்பாட்டம், கொடும்பாவி. நவம்பரில் மேட்டூர் கோர்ட்டுக்கு வந்தபோது முட்டை, தக்காளி. மொத்தம் 23 கிரிமினல் புகார்கள்.

அப்போது நான் திருநெல்வேலியில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியர். பி.காம். படித்துவிட்டு ஆடிட்டர் ஆபீஸுக்குப் போகாமல் பத்திரிகைக்கு வந்தவனுக்கு ஒரு தாழ்வு மனப்பான்மை உண்டு. தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் மத்தியில் நானும் இலக்கியம் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள வேண்டும். குஷ்பு விவகாரம் நல்ல சந்தர்ப்பமாக வந்து அமைந்தது. ஞாயிறு இணைப்புக்கு ஒரு கட்டுரை எழுதினேன். கையில் எடுத்த ஆயுதம், எங்கள் ஊர் புதுமைப்பித்தன்.

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' 1934-ல் 'மணிக்கொடி'யில் வந்த கதை. ஐந்து நிமிஷத்தில் படித்துவிடலாம். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்து, இந்து காலேஜில் 1931-ல் பி.ஏ. முடித்த சொ.விருத்தாசலம், மெட்ராஸுக்குப் போய் அங்கே ஒரு சந்தைப் பார்த்து எழுதினது. அம்மாளு ஒரு மில் கூலி. புருஷன் முருகேசன் குதிரை வண்டி ஓட்டுகிறவன். குடித்துவிட்டு வண்டியை ரேஸ் விட்டு, குதிரையும் அடிபட்டு, தானும் அடிபட்டுப் படுத்துவிடுகிறான். அவனுக்குப் பால்கஞ்சி வேண்டுமாம். வீட்டில் காசு இல்லை. ராத்திரி தண்ணீர் எடுக்கப் போகிற அம்மாளுவை ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தவன் ஒருத்தன் சந்துக்குள் கூப்பிடுகிறான். முக்கால் ரூபாயோடு அவள் வீட்டுக்குப் போகிறாள். அவ்வளவுதான் கதை. கடைசியில் ஆசிரியர் நம் பக்கம் திரும்பி, ஓயாமல் கற்பைப் பற்றிப் பேசுகிறவர்களைப் பார்த்து, நீங்கள் சொல்லும் பொன்னகரத்தின் லட்சணம் இதுதான் என்று முகத்தில் அடிக்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

இந்தக் கதையைப் படித்து 'கற்பைக் கேலி செய்கிறான்' என்று கோபப்பட்டவர்கள் உண்டு. 'கற்பு ஒரு பொய் என்று நிரூபித்துவிட்டான்' என்று கை தட்டியவர்களும் உண்டு. நான் கை தட்டுகிற கட்சி. என் கட்டுரையில் தொல்காப்பியத்தையும் இழுத்தேன். பொருளதிகாரத்தில் களவியலுக்கு அடுத்து வருவது கற்பியல். அங்கே கற்பு என்றால் ஊரறியக் கொடுக்க வேண்டியவர்கள் கொடுத்து, முறைப்படி நடக்கிற இல்வாழ்க்கை. ஒளிந்து சந்தித்தால் களவு, கல்யாணம் ஆனால் கற்பு. பெரியாரையும் விடவில்லை. 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலின் முதல் அத்தியாயமே இந்த வார்த்தையைப் பற்றியதுதான். படி என்பதிலிருந்து படிப்பு வருவது போலக் கல் என்பதிலிருந்து கற்பு வந்தது என்று அங்கே அவர் பிரித்துக் காட்டுவார். பாரதியாரையும் சேர்த்துக்கொண்டேன். எட்டயபுரத்தில் பிறந்து, திருநெல்வேலியில் படித்து, பின்னால் செல்லம்மாளின் ஊரான கடையத்தில் கொஞ்ச காலம் வாழ்ந்தவர். கற்பு என்று ஒன்று இருந்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் அது பொதுவாக இருக்கட்டும் என்று பாடினவர். காமர்ஸ் பாஷையில் சொன்னால் இரட்டைப் பதிவு முறை. ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதியே ஆக வேண்டும். ஒற்றைப் பக்கம் மட்டும் எழுதினால் கணக்கு டேலி ஆகாது.

இதுவரை சரிதான். இன்றைக்கும் இதில் எதையும் நான் வாபஸ் வாங்கப் போவதில்லை. தப்பு அதற்கு அப்புறம் நடந்தது.

மெட்ராஸ் சந்து போதவில்லை, உள்ளூர் உதாரணம் ஒன்று வேண்டும் என்று நினைத்தேன். அம்மாளுக்கள் இன்றைக்கும் நம் ஆற்றங்கரையில் இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். முக்கூடல் பக்கம் என் அத்தை இருந்தார். அப்பாவின் தங்கை. 26 வயதில் புருஷனைப் பறிகொடுத்தவர். மடியில் சொளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றியே இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்தவர். விடிகாலையில் இலை வெட்டி, நாள் முழுக்கச் சுற்றி, ஆயிரம் பீடியைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கே 'கழிவு' என்று தள்ளினது போகக் கணக்குப் பார்த்துக் காசு வாங்குகிற வாழ்க்கை. அத்தை பெயரை எழுதவில்லை. ஊர்ப் பெயரையும் எழுதவில்லை. ஆனால் '26 வயதில் விதவை', 'இரண்டு பெண்கள்', 'புளியமரத்தடி வீடு' எல்லாவற்றையும் எழுதினேன். எழுதிவிட்டு, ஆயிரம் பீடி சுற்றிவிட்டு அரை வயிறாகப் படுக்கிற இவளிடம் போய்க் கற்பைப் பற்றிப் பேசுவீர்களா என்று கேட்டேன். தலைப்பு வேறு, 'கற்பும் ஆயிரம் பீடியும்'. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது, அவரை விடுங்கள், அவர் உழைப்பைப் பாருங்கள் என்பது. அச்சில் வந்தது அது இல்லை.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டீக்கடையில் யாரோ வாசித்திருக்கிறார்கள். இரண்டு பெண் பிள்ளைகள், புளியமரம் என்றதும் ஆள் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. பீடி சுற்றுகிற விதவை, சந்துக்குள் போன அம்மாளு, கற்பு. மூன்றும் ஒரே பக்கத்தில். ஊர் தானாகவே கோடு போட்டுச் சேர்த்துக்கொண்டது.

அப்போது மூத்தவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் 'தீபாவளி கழியட்டும்' என்றார்கள். தீபாவளி கழிந்தது. அவர்கள் வரவில்லை. காரணம் என் கட்டுரையா, அத்தையால் போட முடியாத பத்துப் பவுனா? இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது. தெரியாததுதான் எனக்குத் தண்டனை.

விஷயம் காதுக்கு வந்ததும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். திண்ணையில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. ''வா'' என்றுகூடச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் மருமகன் முறை வருகிறவன் வாசலில் நிற்க, அத்தை 'வா' சொல்லாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

''அத்தை, நான் உங்களைப் பெருமையாத்தான் எழுதினேன்'' என்றேன். தொல்காப்பியம் எல்லாம் சொன்னேன். அந்த வார்த்தைக்கு ஆதியில் வேறு அர்த்தம் என்றேன். புதுமைப்பித்தன் அம்மாளுவைத் திட்டவில்லை, பேசுகிறவர்களைத்தான் திட்டினார் என்றேன். கை நிற்கவே இல்லை. ஒரு கட்டு முடிந்து நூல் சுற்றின பிறகு சொன்னார்.

''ஆயிரம் பீடி ஊர்ல எல்லாப் பொம்பளையும்தான் சுத்துதா. அது யார் காதுலயும் விழல மருமவனே. அந்த வார்த்தைல்லா விழுந்துருக்கு.''

அதற்கு மேல் பேசவில்லை. ஏழு வருஷம் பேசவில்லை.

இப்போது குஷ்பு வழக்குக்குத் திரும்புவோம். ஏனென்றால் என் வழக்கை எனக்குப் புரியவைத்தது அந்தத் தீர்ப்புதான்.

சென்னை உயர் நீதிமன்றம் 2008-ல் வழக்குகளை ரத்து செய்ய மறுத்தது. விஷயம் உச்ச நீதிமன்றம் போயிற்று. 2010 ஏப்ரல் 28 அன்று தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன், நீதிபதிகள் தீபக் வர்மா, பி.எஸ்.சவுகான் அமர்வு 23 வழக்குகளையும் ரத்து செய்தது. பத்திரிகைகள் எல்லாம் 'கருத்துச் சுதந்திரத்துக்கு வெற்றி' என்று எழுதின. சரிதான். ஆனால் அந்தத் தீர்ப்பில் என்னை நிறுத்தி வைத்த இடம் வேறு. அவதூறு வழக்கு போட வேண்டுமானால், போடுகிறவர் அதனால் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும். அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 199-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. குஷ்பு எந்தத் தனி நபரையும் சொல்லவில்லை. இன்னார் என்று சுட்டிக்காட்டக்கூடிய ஒரு கூட்டத்தையும் சொல்லவில்லை. எனவே வழக்குப் போட்ட யாருமே சட்டப்படி பாதிக்கப்பட்டவர் இல்லை என்றது கோர்ட்.

இதைப் படித்துவிட்டு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 23 பேர் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. நிஜமாகவே நஷ்டப்பட்ட ஒருத்தி முக்கூடல் பக்கம் இருந்தார். அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. 'வா' என்ற ஒரு வார்த்தையை மட்டும் நிறுத்திக்கொண்டார். சட்டப்படி பார்த்தால் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது நான். இன்னார் என்று அடையாளம் தெரிகிற மாதிரி எழுதினவன் நான்தானே?

'அத்தை தப்பாகப் புரிந்துகொண்டார்' என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதுகிறவர்களுக்கு இது ஒரு சௌகரியம். வாசகர் கோபப்பட்டால் உடனே 'புரியவில்லை' என்று சொல்லிவிடலாம். அகராதியை எடுத்துக் காட்டலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால், அத்தை எதையும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. அந்த வார்த்தை அவர் ஊரில் என்ன செய்யும் என்பது தொல்காப்பியம் படித்த என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பி.காமில் 'நற்பெயர்' என்று ஒரு சமாசாரம் படித்திருக்கிறோம். கடைக்குக் கட்டடம் உண்டு, சரக்கு உண்டு, அதையெல்லாம் தாண்டி ஒன்று உண்டு. அண்ணாச்சி கடையில் எடை சரியாக இருக்கும் என்று ஜனங்கள் நம்புகிறார்கள் பாருங்கள், அது. கண்ணுக்குத் தெரியாத சொத்து. இதில் ஒரு வேடிக்கையான விதி உண்டு. இன்னொருவரிடம் காசு கொடுத்து வாங்கின நற்பெயரைத்தான் இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகக் காட்டலாம். நாமே வருஷக்கணக்காக உழைத்துச் சம்பாதித்ததைக் காட்டக் கூடாது. இருக்கும், ஆனால் புத்தகத்தில் வராது.

அத்தையிடம் நிலம் இல்லை. நகை இல்லை. ஆம்பளைத் துணை இல்லை. கடையில் ஒரு மாதம் கடன் சொன்னால் கொடுத்தார்கள். ராத்திரி எட்டு மணிக்கு பீடிக் கடையிலிருந்து தனியாக நடந்து வந்தால் யாரும் வழி மறிக்கவில்லை. இரண்டு பெண் பிள்ளைகளைக் கேட்டு வாசலுக்கு ஆள் வந்தது. இதெல்லாம் எதன் பேரில்? ஊர் அவருக்குக் கொடுத்திருந்த அந்த ஒரு பெயரின் பேரில். 20 வருஷம் தலை குனிந்து நடந்து சம்பாதித்தது. அதற்கு நாம் வைத்திருக்கிற வார்த்தைதான் கற்பு. அந்த வார்த்தையே அநியாயம் என்று நான் இன்றைக்கும் வாதிடுவேன். ஆனால் அநியாயமான நாணயமாக இருந்தாலும் அந்த ஊரில் செல்லுபடியானது அதுதான். அவரிடம் இருந்ததும் அது மட்டும்தான். அதை நான் கட்டுரை அலங்காரத்துக்குச் செலவு செய்துவிட்டேன். அடுத்தவர் முதலில் நடத்தின வியாபாரம்.

2005-ல் விளக்குமாறு தூக்கியவர்கள் செய்ததும் அதே வியாபாரம்தான். பெண்கள் சம்பாதித்த பெயரைத் தங்கள் கட்சிக் கணக்கில் சொத்தாகக் காட்டினார்கள். அவர்கள் எதிர்த்து எழுதினார்கள், நான் ஆதரித்து எழுதினேன். முதலீடு இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

இந்த யோசனையோடு 'பொன்னகரம்' கதையைத் திரும்ப எடுத்துப் படித்தேன். முதல் தடவை கண்ணில் படாத ஒன்று இந்தத் தடவை பட்டது. கதை முழுக்க அம்மாளு அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. அழவில்லை, நியாயம் பேசவில்லை, தன் செய்கைக்குப் பெயர் வைக்கவில்லை. அவள் கணக்கில் இருப்பது பால்கஞ்சி மட்டும்தான். கற்பு என்ற பேச்சு எழுத்தாளருக்கும் அவர் கூப்பிடுகிற 'ஐயா'மார்களுக்கும் நடுவில் நடக்கிறது. யோசித்துப் பாருங்கள், குடித்துவிட்டு விழுந்து கிடக்கிற புருஷனுக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் மனசில் எதுவும் இல்லை. கோவலனுக்காகச் சிலம்பைக் கழற்றிக் கொடுத்தாளே கண்ணகி, அதுபோல இவளும் தன்னிடம் இருந்ததைத்தான் கொடுத்தாள். சிலம்பு இல்லை, அவ்வளவுதான். பத்தினிக்கு நம் ஆட்கள் சொல்கிற இலக்கணப்படி பார்த்தால் அம்மாளு தேறிவிடுவாள். அதனால்தான் அந்தக் கதை இன்றைக்கும் குத்துகிறது. அது கற்பைக் கேலி செய்யவில்லை. பொய் என்று நிரூபிக்கவும் இல்லை. அந்த வார்த்தையை வாய்க்கு வாய் சொல்கிறவர்களில் ஒருத்தனாவது அவளுக்கு ஒரு முக்கால் ரூபாய் கடன் கொடுத்தானா என்று கேட்கிறது.

புதுமைப்பித்தனின் இன்னொரு கதை, 1943-ல் வந்த 'சாப விமோசனம்'. ராமன் பாதம் பட்டுக் கல்லிலிருந்து பெண்ணாக எழுந்த அகலிகை, வனவாசம் முடிந்து வந்த சீதையைப் பார்க்கிறாள். ராமன் தீக்குளிக்கச் சொன்ன செய்தியைக் கேட்டு, மறுபடியும் கல்லாகிப் போகிறாள். என்னை மன்னித்தவன் உன்னை ஏன் சோதித்தான் என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. உலகத்துக்கு நிரூபிக்க வேண்டுமே என்பதுதான் சீதைக்கு மிஞ்சுகிற சமாதானம். படிக்கிறபோது எனக்கு அத்தை ஞாபகம் வந்தது. சீதை ஒரு தடவை தீக்குளித்தாள். எங்கள் அத்தை தினம் ராத்திரி பீடிக் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் நடந்தார்.

அதே புதுமைப்பித்தனுக்கு 2014-ல் ஒரு சோதனை வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 'துன்பக்கேணி', 'பொன்னகரம்' இரண்டு கதைகளையும் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. 'துன்பக்கேணி' எங்கள் மாவட்டத்து வாசவன்பட்டியில் தொடங்கி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற மருதியின் கதை. தலித் மக்களைச் சித்தரித்த விதத்தின் மேல்தான் ஆட்சேபம். எழுத்தாளர்கள் பலர் கொதித்தார்கள். நானும் நீக்கியது தப்பு என்கிற கட்சிதான். ஆயிரக்கணக்கில் இங்கிருந்து கப்பலேறிப் போன ஏழைகளுக்கு அங்கே என்ன நடந்தது என்று 1935-லேயே எழுதின கதையை ஒளித்து வைப்பதில் யாருக்கு லாபம்?

ஆனால் இந்தத் தடவை 'புரியாதவர்கள்' என்று சொல்ல வாய் வரவில்லை. அறுபது பேர் இருக்கிற வகுப்பில் ஜாதிப் பெயரோடு ஒரு வசனத்தை வாத்தியார் சத்தமாக வாசிக்கிறார். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் தலை குனிகிறான். எழுத்தாளரின் நல்லெண்ணம் அந்த நேரத்தில் அவனுக்கு என்ன உதவி செய்யும்? 23 வழக்குப் போட்டவர்களைப் போல இல்லை அவன். அவன் நிஜமாகவே பாதிக்கப்பட்டவன். அவனுக்காகக் கதையைத் தூக்க வேண்டாம். வாசிக்கும் முன்னால் அந்த வார்த்தை யார் வாயிலிருந்து யார் மேல் விழுந்தது என்று வாத்தியார் பத்து நிமிஷம் பேசினால் போதும். அந்தப் பத்து நிமிஷத்துக்குச் சோம்பல்பட்டுத்தான் ஒரு பக்கம் கதையையே நீக்குகிறோம், இன்னொரு பக்கம் படிக்கத் தெரியாதவர்கள் என்று திட்டுகிறோம்.

ஒரு வார்த்தை சண்டையைக் கிளப்பும்போது இப்போதெல்லாம் நான் அகராதியைத் தேடுவதில்லை. கோபப்படுகிறவரிடம் இழக்க என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். ஒன்றும் இல்லாமல் கத்துகிறவர் என்றால் குஷ்பு பக்கம் நிற்பேன், எத்தனை வழக்கு போட்டாலும் சரி. நிஜமாகவே ஒன்றை இழந்தவர் என்றால் அவரிடம் போய் வார்த்தையின் ஆதி அர்த்தத்தை விளக்கிக்கொண்டிருக்க மாட்டேன். அதைச் செய்து பார்த்தவன். திண்ணையில் நின்றபடி செய்து பார்த்தவன்.

அத்தை மகள் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு வருஷம் கழித்து அம்பாசமுத்திரத்தில் நல்ல இடத்தில் மூத்தவளுக்குக் கல்யாணம் நடந்தது. பத்திரிகை அப்பா பெயருக்கு வந்தது. 2012-ல் சின்னவள் கல்யாணம். அதற்கு அத்தையே நேரில் வந்தார். தாம்பாளத்தை அப்பாவிடம் நீட்டிவிட்டு, என்னைப் பார்த்து ''நீயும் வா'' என்றார். அந்த 'வா'வைக் கேட்க ஏழு வருஷம் ஆனது.

இப்போது அத்தைக்கு 70 தாண்டிவிட்டது. கண் மங்கிவிட்டது, பீடி சுற்றுவதில்லை. பழைய கட்டுரைகளைப் புத்தகமாகப் போடலாம் என்று ஒரு பேச்சு வந்தபோது, அந்த 2005 கட்டுரையைச் சேர்க்கப் போவதில்லை, அது நடந்த கதையைத்தான் எழுதப் போகிறேன் என்று சொல்லி அனுமதி கேட்கப் போனேன். காப்பி கொடுத்தார். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

''எழுது, எழுது. இனிமே எனக்கென்ன'' என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ''அன்னைக்கு ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன் மருமவனே. கோவத்துல சொல்லல.''

''சொல்லுங்க அத்தை.''

''ஆயிரம் பீடிக்குக் கூலி இவ்வளவுன்னு ஒரு ரேட்டு போட்டிருந்தியாமே, வாசிச்சாங்க. அவ்வளவு எந்தக் கடைல குடுத்தான்? ஒங்கிட்ட யாரு சொன்னா?''

யாரும் சொல்லவில்லை. நானாக உத்தேசமாகப் போட்டது. கற்பு என்ற வார்த்தைக்குத் தொல்காப்பியம் வரைக்கும் போய் அர்த்தம் தேடின பி.காம். பட்டதாரி, கூலியை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அத்தையே சொல்லியிருப்பார். காப்பியும் கொடுத்திருப்பார்.